ஆட்டிசத்துக்கென்று எத்தனை ரூபாய்? சட்டமன்றத்தில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டமன்றக் கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையாக வருகிறது. முடிந்தவரை விடாமல் பார்க்கிறேன். சாலை, பாலம், தடுப்பணை, பேருந்து நிலையம் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே எப்போதாவது ஆட்டிசம் என்ற பேச்சு வரும். உடனே டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். உறுப்பினர் எழுந்து, தம் தொகுதியில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சை மையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா என்பார். மாவட்டத்தில் ஏற்கெனவே இத்தனை மையங்கள் இயங்குகின்றன, இத்தனை கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது, புதிய மையம் நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வரும். உறுப்பினர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார். அடுத்த வினா எண் வாசிக்கப்படும்.

அந்த உறுப்பினர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டார்களே என்று நன்றிதான். ஆனால் பதிலைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்விக்குக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடம் வீணாகும்போது மனசு அடித்துக்கொள்கிறது. ஒதுக்கியதாகச் சொல்லும் பணத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எவ்வளவு போனது என்று தனியே எடுத்துக் காட்ட முடியாதபடிதான் கணக்கு எழுதப்படுகிறது. ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, யாராவது ஒருவர் எழுந்து அதைக் கேட்க வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

நான் கருவூலத் துறையில் வேலை பார்த்து, உதவிக் கருவூல அலுவலராக ஓய்வு பெற்றவள். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆட்டிசம். வயது ஒன்பது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் தெரபி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அவனோடு அலைவது பெரும்பாலும் நான்தான். கணக்கும் தெரியும், பிள்ளையையும் தெரியும் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. மாற்றுத்திறனாளிகள் நலனுக்கான செலவு 2235 என்ற பெருந்தலைப்பில், சமூக நலம் என்ற 02-க்குள், 101 என்ற சிறுதலைப்பில் ஏறும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வேண்டியது அங்கே மட்டும் இல்லை. பள்ளியில் ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது சிறப்பாசிரியர், வேண்டும். அது பொதுக் கல்வி, பெருந்தலைப்பு 2202. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க மருத்துவர் வேண்டும், ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும்; அது மருத்துவம், பெருந்தலைப்பு 2210. ஒரே பிள்ளைக்கான பணம் மூன்று துறைகளில் சிதறிக் கிடக்கிறது. மூன்று துறைகளுக்கும், செலவுக்குப் பணம் கேட்டு அவையில் வைக்கும் மானியக் கோரிக்கைகள் மூன்று, மூன்று நாள் விவாதம், மூன்று கொள்கை விளக்கக் குறிப்புகள். ஒரு துறையைக் கேட்டால் தம் பங்கைச் சொல்வார்கள். அதிலும் ஆட்டிசத்துக்கு எவ்வளவு என்று பிரிந்து வராது. சிறப்புப் பள்ளிகளுக்கு மானியம், தொண்டு நிறுவனங்களுக்கு உதவி, பராமரிப்பு உதவித்தொகை என்று திட்டத்தின் பெயரில்தான் தொகை நிற்கும்.

ஓர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். நம் மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகச் செலவிட்ட தொகை எவ்வளவு என்பதுதான் கேள்வி. விவரம் தனியாகப் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதிலில் குற்றம் சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம், அலுவலகத்தின் கையில் இருக்கும் தகவலைத்தான் கொடுக்கச் சொல்கிறது; இல்லாததைத் தொகுத்துத் தரச் சொல்வதில்லை. என்னைப் போன்ற சாதாரண ஆளுக்கு அந்தப் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு அப்படியில்லை. அவர் அவையில் கேட்டால் தகவல் திரட்டப்பட வேண்டும். திரட்டி அவையில் வைப்பதாக அமைச்சர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று தொடர்ந்து பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழுவே இருக்கிறது. 234 பேருக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் இந்த அதிகாரம் வேறு யாரிடமும் இல்லை.

தனிக் கணக்கு வைப்பது நடக்காத காரியமா? இல்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஆதிதிராவிடர் துணைத் திட்டத்துக்கு 789, பழங்குடியினர் துணைத் திட்டத்துக்கு 796 என்று சிறுதலைப்புகள் எல்லாத் துறைகளிலும் இருக்கின்றன. எந்தத் துறை செலவு செய்தாலும் அந்த எண்ணைப் பிடித்துக் கூட்டினால் மொத்தம் கையில் வந்துவிடும். மத்திய அரசு 2005-06 நிதிநிலை அறிக்கையிலிருந்து பெண்களுக்கான ஒதுக்கீட்டை எல்லாத் துறைகளிலிருந்தும் திரட்டித் தனி அறிக்கையாகவே வைக்கிறது. குழந்தைகளுக்கும் அப்படி ஓர் அறிக்கை உண்டு. அதுபோல மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் அறிக்கை, அதில் ஆட்டிசத்துக்கு ஒரு வரி. புதிய சட்டம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். நிதித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால் அடுத்த ஆண்டு மதிப்பீடு தயாரிக்கும்போதே செய்துவிடலாம்.

அந்த வரி வந்தபிறகும் ஒதுக்கீட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. நிதிநிலை ஆவணங்களில் ஒரு திட்டத்துக்கு நேரே மூன்று விதமான எண்கள் வரும். ஆண்டு தொடங்கும்போது போடும் வரவு செலவு மதிப்பீடு, நடுவில் திருத்திய மதிப்பீடு, முடிந்துபோன ஆண்டின் உண்மைச் செலவு. அவையில் பெரும்பாலும் முதல் எண்தான் பேசப்படுகிறது. திருத்திய மதிப்பீட்டில் அது குறைந்திருக்கலாம். மார்ச் மாதம் துறையே மிச்சத்தை ஒப்படைத்திருக்கலாம். உண்மைச் செலவு வெளியாகும்போது கேட்டவரும் மறந்திருப்பார், பதில் சொன்னவரும் மாறியிருப்பார்.

உண்மைச் செலவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்தில் பணம் கேட்கும் பட்டியல்கள் வந்து குவியும். 31-ஆம் தேதி ராத்திரி வரை உட்கார்ந்து அனுமதித்திருக்கிறோம். அப்படி வரும் தொகையில் ஒரு பகுதி ஏதாவது ஒரு வைப்புக் கணக்குக்கோ சங்கத்தின் வங்கிக் கணக்குக்கோ போகும். எங்கள் ஏட்டில் அது செலவு. ஆனால் அந்தப் பணத்தில் அன்றுவரை ஒரு தெரபிஸ்ட்டுக்குக்கூடச் சம்பளம் போயிருக்காது. பல மாநிலங்களில் இப்படி வைப்புக் கணக்கில் பணம் தேங்குவதை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கின்றன. அதனால் உறுப்பினர் கேட்க வேண்டியது, செலவுக் கணக்கில் ஏறிய தொகையில் மார்ச் 31 அன்று வைப்பில் இருந்தது எவ்வளவு, தொண்டு நிறுவனங்களுக்குப் போன மானியத்தில், கொடுத்த காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் வராதது எவ்வளவு என்பது. அரசின் செலவை ஆராயும் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவில் இருப்பவர்கள் இதை அதிகாரிகளை நேரில் வைத்துக்கொண்டே கேட்கலாம்.

இனி பிள்ளையின் பக்கம் வருகிறேன்.

பேரன் மூன்றரை வயது வரை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஓ.டி. என்னும் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது), ஸ்பீச் தெரபி இரண்டும் தொடங்கி, வாரம் தவறாமல் போய், வீட்டிலும் சொல்லிக்கொடுத்ததை விடாமல் செய்து, இரண்டு வருஷம் கழித்துத்தான் "அம்மாச்சி, தண்ணி" என்றான். இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறான். எண்கள் என்றால் உயிர். பஸ் வழித்தட எண்களை வரிசையாக ஒப்பிப்பான். இத்தனையும் வந்தது தெரபி நேரத்தால். பயிற்சி பெற்ற ஒருவர் அவன் எதிரே தரையில் உட்கார்ந்து செலவிட்ட மணி நேரங்களால். அந்த மணி நேரம் கிடைக்காத பிள்ளைகளையும் பார்க்கிறேன். அவர்கள் பெற்றோரின் அன்பில் ஒரு குறையும் இல்லை. முக்கால் மணி நேர அமர்வுக்கு 500 ரூபாய் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை.

அரசு உதவியில் நடக்கும் ஒரு மையத்துக்கும் அவனைக் கூட்டிப்போனோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. அறை நன்றாக இருந்தது. ஊஞ்சல், பெரிய பந்து, வண்ணப் பலகைகள் எல்லாம் இருந்தன. ஸ்பீச் தெரபிஸ்ட் ஒப்பந்தத்தில் வந்த பெண். கெட்டிக்காரி, பிள்ளைகள் அவளைக் கண்டால் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். சம்பளம் போதவில்லை என்று அவள் வெளியூர் போனபிறகு மாதக்கணக்கில் அந்த இடம் காலி. மையம் திறந்தே இருந்தது, பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கினார்கள். மாவட்டத்தில் இயங்கும் மையங்கள் எத்தனை என்று கேட்டால் வரும் எண்ணில் அதுவும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆகையால் உறுப்பினர்களே, மையம் எத்தனை என்பதோடு விடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியவை எத்தனை என்று கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், மருத்துவ உளவியலாளர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். போன மாதம் எத்தனை பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தெரபி கிடைத்தது, காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் எத்தனை பேர், அதில் ஐந்து வயதைத் தாண்டிவிட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஆட்டிசத்தில் சின்ன வயதில் கிடைக்கும் பயிற்சிக்கு இருக்கும் பலன் பிறகு அதே அளவில் வருவதில்லை. காத்திருப்புப் பட்டியலிலேயே ஒரு பிள்ளையின் மூன்று, நான்கு, ஐந்து வயதுகள் கழிந்துபோனால் அந்த வருஷங்களை எந்தத் திருத்திய மதிப்பீட்டாலும் மீட்க முடியாது.

கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை பிள்ளைகளை 30 வகைக் குறைகளுக்குப் பரிசோதிக்க வேண்டும். ஆட்டிசமும் அதில் உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வேனில் வரும்; சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. அங்கன்வாடியில் சந்தேகப்பட்ட பிள்ளைகளில் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், போய்ச் சேர எத்தனை மாதம் ஆனது என்ற கேள்வியை ஒரு முறையாவது அவையில் யாராவது எழுப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வசதி என்று பேசும்போது கட்டடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாய்தளம் இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது, நல்லது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தடை வேறு விதம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு கூடும் நாளில் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். நடைபாதை முழுக்கக் கூட்டம். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறார்கள். தலைக்கு மேலே டியூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. எங்கள் முறை வருவதற்குள் அவன் தரையில் விழுந்து தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் பிள்ளையை அடக்கத் தெரியவில்லையா என்றார்கள். உள்ளே போனபோது பார்த்தவர்கள், பாவம், களைத்துப் போயிருந்தார்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் இருக்கின்றன. பிள்ளையைக் கவனித்து, பெற்றோரோடு பேசி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். அந்த எண்தான் சான்றிதழில் சதவீதமாகி, உதவித்தொகையா, சலுகையா, ஒன்றுமில்லையா என்று முடிவாகிறது. பத்து நிமிடத்தில் போட்ட மதிப்பெண்ணில் ஒரு பிள்ளையின் உரிமை தொங்குகிறது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தனி நாள் அல்லது தனி நேரம், பெயர் கூப்பிடுவதற்குப் பதில் டோக்கன், சத்தமில்லாத ஓர் அறை, மருத்துவ உளவியலாளர் ஒருவர். எந்தெந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இவை இருக்கின்றன என்று மாவட்டவாரியாக ஒரு பட்டியல் கேட்டால் போதும். பட்டியல் கேட்கப்படுகிறது என்று தெரிந்தாலே பாதி இடங்களில் அறை ஒதுக்கிவிடுவார்கள். அரசு அலுவலகத்தில் இருந்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலக வங்கிக் கடனுதவியோடு 1,700 கோடி ரூபாய்க்கும் மேலான மதிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் திட்டம் நடக்கிறது. அதில் விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கிறார்கள். தெரபிக்காக நகரத்துக்கு ஓடாமல் வட்டார அளவிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-லிருந்து மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் எங்களைப் போன்ற டெல்டா ஊர்க்காரர்களுக்கு அது ஓர் இரவுப் பயணம். சத்தமும் நெரிசலும் தாங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் எத்தனை முறை போக முடியும்?

விழுதுகள் மையங்களைப் பற்றி ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அவை கடனில் நடக்கும் திட்டத்தின் கீழ் வந்தவை. திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. முடிந்த மறுநாள் அந்தத் தெரபிஸ்ட்டுகளின் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்பில் ஏறும்? நிரந்தரப் பணியிடங்களாக மாற்ற நிதித் துறையின் ஒப்புதல் கேட்கப்பட்டிருக்கிறதா? திட்டம் முடிந்ததும் ஆட்கள் கலைந்து, கட்டடமும் கருவிகளும் நின்றுபோன கதைகளை வேறு துறைகளில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கடைசி ஆண்டில் கேட்டுப் பயனில்லை. இப்போதே கேட்க வேண்டும்.

எத்தனை பேருக்காக இந்தக் கணக்கு என்பதும் தெளிவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்றது. அந்தப் படிவத்தில் ஆட்டிசத்துக்குக் கட்டமே கிடையாது. அப்போதிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் பேசியது; ஆட்டிசம் அதில் இல்லை. 2016 சட்டம் 21 வகைகளாக்கி அதைச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-க்கான மதிப்பீடு 127 பேருக்கு ஒருவர். 2011-இல் நம் மக்கள்தொகை 7.21 கோடி. அந்த விகிதத்தை அப்படியே போட்டுப் பார்த்தாலும் ஐந்தரை லட்சத்தைத் தாண்டுகிறது. இது தோராயக் கணக்குதான். ஆனால் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க, அரசிடம் அடையாள அட்டை வாங்கிய ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணை மாவட்டவாரியாக அவையில் வாங்கிவிட்டால், விடுபட்டவர்கள் எவ்வளவு பேர் என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடும்.

அந்த 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளிக் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுத்து, மாற்றுத்திறன் உள்ளவர்களைக் கண்டறியச் சொல்கிறது. முதல் கணக்கெடுப்பு சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டு ஆண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அந்த முடிவுகளை அவையில் வையுங்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டால் போதும். 48-ஆம் பிரிவு, திட்டங்கள் மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ப நடக்கின்றனவா என்று பார்க்கும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்குகிறது. அதன் அறிக்கையும் அவைக்கு வரட்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 வினாக்களுக்கு நேரில் பதில், 230 வினாக்களுக்கு எழுத்தில் பதில். எழுத்துப் பதிலோடு மாநிலவாரி அட்டவணை இணைத்துத் தருவார்கள். எங்களைப் போன்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதற்கு அதைவிட நல்லது வேறில்லை. நம் 39 பேரும் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் உண்டா என்பது. இந்த முறையும் விட்டுவிட்டால் இன்னொரு பத்தாண்டு போய்விடும்.

அடுத்தது பள்ளிக்கூடம். சிறப்பாசிரியர்களின் சம்பளமும், இந்தப் பிள்ளைகளுக்கான வட்டார அளவிலான பயிற்சியும் பெரும்பாலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டப் பணத்தில் நடக்கின்றன. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்காததும், மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் சண்டையின் நியாயங்களை இங்கே பேசப் போவதில்லை. பேரனின் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த சிறப்பாசிரியை சம்பளம் எப்போது வரும் என்று தெரியாமல் கலங்கி நின்றதை மட்டும் சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் தேவை எத்தனை, அனுமதித்தது எத்தனை, நியமித்தது எத்தனை? சட்டமன்றத்திலும் கேட்கலாம், நாடாளுமன்றத்திலும் கேட்கலாம்.

வேலைவாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம். அந்த 1 சதவீதத்தில் ஆட்டிசம் உள்ளவர் ஒருவராவது நம் மாநிலத்தில் பணியமர்த்தப்பட்டிருக்கிறாரா?

வளர்ந்தவர்களைப் பற்றி அவையில் பேச்சே எழுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆட்டிசம் என்றாலே குழந்தை என்று எல்லோருக்கும் பதிந்துவிட்டது. தெரபி மையத்தின் வாசலில் காத்திருக்கும்போது பெற்றோர் பேசிக்கொள்வதெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவுக்கு எழுபது வயதாகப் போகிறது, மகனுக்கு நாற்பதை ஒட்டி. அவர் குளிக்க வைத்தால்தான் அவன் குளிப்பான். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் அவனுக்கு எங்கே இடம்?

1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு 18 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. வயது வந்தவர்கள் குழுவாகத் தங்க கரௌண்டா என்ற இல்லத் திட்டமும் உண்டு. நம் மாவட்டங்களில் அந்த உள்ளூர்க் குழுக்கள் கடந்த ஓராண்டில் எத்தனை முறை கூடின, எத்தனை மனுக்களைத் தீர்த்தன, கரௌண்டா இல்லம் எந்தெந்த மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே எத்தனை இடம்? பராமரிப்பு உதவித்தொகை பெறுவோரில் 18 வயது தாண்டிய ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர்? இவற்றைக் கேட்கும் உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் எங்கள் தெருவில் அவருக்கு மரியாதை உண்டு.

இதுவரை நான் சொன்னவற்றில் எதுவும் அரசை மடக்குவதற்கான கேள்வி இல்லை. பதில் தயாரிக்கும் அதிகாரியின் மேஜையில் இந்த எண்கள் ஒரே தாளில் முதல் முறையாகக் கூடட்டும் என்பதுதான் என் ஆசை. அங்கே கூடிவிட்டால் எங்கே பணம் தேங்குகிறது, எங்கே ஆள் இல்லை என்று அந்த அதிகாரிக்கே புலப்படும். நல்ல அதிகாரிகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் அவையிலிருந்து ஒரு கேள்வி வந்தால்தான் கோப்பை நகர்த்த வசதியாக இருக்கும்.

எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்தக் கடிதத்தின் நகலோடு கேள்விகளைத் தனித்தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு அவரோ அவருடைய உதவியாளரோ வந்தால், 2235, 2202, 2210 மூன்றின் மதிப்பீட்டுப் புத்தகங்களையும் விரித்துவைத்து எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று காட்டித் தருகிறேன். மற்ற மாவட்டங்களில் என்னைப் போல் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் உறுப்பினருக்கும் அந்த உதவியைச் செய்யுங்கள்.

பேரனை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிக் கருவூல அலுவலர்,
கும்பகோணம்.